வேண்டாத பூனைக்கும் ஒரு வீடு

வன்னியில் நெல் மூட்டை அடுக்கிய வீடுகளுக்குப் பூனைதான் எலிக் காவல். ஆனால் அது குட்டி போட்டுவிட்டால், கண் திறக்காத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டு வருவோரும் உண்டு. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், 2009 போரில் தமிழ் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்ததையும் கண்ட மண் இது. வீடற்றுப்போவதன் வேதனையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம்.

குட்டிகளை எட்டு வாரமாவது தாயுடன் விடுங்கள். அதற்குள் அண்டை அயலில் நல்ல வீடு தேடுங்கள். மரக்கறி மட்டும் சமைக்கும் வீடானால் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பூனைக்குப் பால்சோறு மட்டும் போதாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டோரின் என்ற சத்துக் குறைந்தால் அதன் பார்வை கெடும், இதயமும் பலவீனப்படும்.

பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஆகவே மிருக வைத்தியரிடம் காட்டி உரிய காலத்தில் கருத்தடை செய்வியுங்கள். விசர்நோய்த் தடுப்பூசியும் போடுங்கள். பிறகு சாக்குக்கு வேலையிராது, சகோதரிகளே!