ஜியோபோன் நெக்ஸ்ட்: முதல் டச் ஸ்கிரீன் போனாக இன்றும் உதவுமா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடுத்து, இத்தனை நாள் பட்டன் போனை வைத்தே காலம் தள்ளிய அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு டச் ஸ்கிரீன் போன் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். விலை குறைவாக இருக்க வேண்டும், இரண்டு சிம் போட வேண்டும், இன்டர்நெட் வேண்டும், தமிழ் வேண்டும். இந்தத் தேவைகளைச் சொன்னதும் பலர் கைகாட்டும் போன்களில் ஒன்று ஜியோபோன் நெக்ஸ்ட். சில வீடுகளில் பீரோவுக்குள் சும்மா கிடக்கிறது. செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் கிடைக்கும். இதை இன்று ஒரு புதியவர் கையில் கொடுக்கலாமா? எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது? பார்ப்போம்.

பிறந்த கதை

2017-ல் ஜியோ நிறுவனம் பட்டன் வைத்த ஜியோபோனை 1,500 ரூபாய் டெபாசிட்டில் வெளியிட்டது நினைவிருக்கும். அதற்கு அடுத்த படியாக, கூகுள் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியதுதான் ஜியோபோன் நெக்ஸ்ட். 2021 ஜூன் மாதம் ரிலையன்ஸ் பொதுக்குழுக் கூட்டத்தில் இதை அறிவித்த முகேஷ் அம்பானி, நாட்டில் சுமார் 30 கோடிப் பேர் இன்னும் 2ஜி போனிலேயே இருப்பதாகக் குறிப்பிட்டார். அவர்களை இன்டர்நெட்டுக்குக் கொண்டுவருவதே நோக்கம். விநாயகர் சதுர்த்தியன்று விற்பனைக்கு வருவதாக இருந்தது, சிப் தட்டுப்பாட்டால் தள்ளிப்போய் 2021 நவம்பர் 4, தீபாவளியன்று வந்தது. அப்போதைய விலை 6,499 ரூபாய். தவணையிலும் கொடுத்தார்கள். திருப்பதியிலும் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் இது தயாரானது.

உள்ளே என்ன இருக்கிறது?

திரை: 5.45 அங்குலம், 720 x 1440 பிக்சல், கொரில்லா கிளாஸ் 3
பிராசஸர்: குவால்காம் 215, நான்கு கோர், 1.3 கிகாஹெர்ட்ஸ்
ரேம்: 2 ஜிபி
உள் நினைவகம்: 32 ஜிபி (மெமரி கார்டும் போடலாம்)
கேமரா: பின்னால் 13 மெகாபிக்சல், முன்னால் 8 மெகாபிக்சல்
பேட்டரி: 3500 எம்ஏஎச், கழற்றி மாற்றக் கூடியது
சிம்: இரண்டு நானோ சிம்
ஆபரேட்டிங் சிஸ்டம்: பிரகதி ஓஎஸ் (ஆண்ட்ராய்டு 11 கோ எடிஷனை அடிப்படையாகக் கொண்டது)

இதில் 'கோ எடிஷன்' என்பதைக் கவனியுங்கள். குறைந்த ரேம் உள்ள போன்களுக்காக கூகுள் எடை குறைத்துத் தரும் ஆண்ட்ராய்டு அது. 2 ஜிபி ரேம் என்பது சிறிய மேஜை மாதிரி. ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு நோட்டுப் புத்தகங்களைத்தான் விரித்து வைக்க முடியும். யூடியூப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போய் மறுபடி யூடியூப் வந்தால், அது முதலிலிருந்து திறக்கலாம். போன் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். மேஜையில் இடமில்லை, அவ்வளவுதான். பேசுவது, வாட்ஸ்அப், யூடியூப், செய்தி படிப்பது ஆகிய வேலைகளுக்கு இது போதும். பெரிய கேம்களுக்கு ஆகாது.

இரண்டு சிம்: வாங்கும்முன் தெரிய வேண்டியவை

முதல் விஷயம். இந்த போன் இன்டர்நெட் விஷயத்தில் ஜியோவுக்குப் பூட்டப்பட்டது. இரண்டு சிம்களில் ஒன்று ஜியோவாக இருக்க வேண்டும். இன்னொன்றில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பேசலாம், எஸ்எம்எஸ் பெறலாம். ஆனால் மொபைல் டேட்டா ஜியோ சிம் வழியாக மட்டுமே வரும். உங்கள் ஊரில் ஜியோ சிக்னல் பலவீனம் என்றால் இந்த போன் உங்களுக்கு இல்லை. வீட்டில் வைஃபை இருந்தால் அதில் இணைத்துக்கொள்ளலாம். வெளியே போனால் அது உதவாது.

இரண்டாவது விஷயம் பெரும்பாலான பட்ஜெட் இரண்டு சிம் போன்களுக்கும் பொதுவானது. சிம்கள் இரண்டு இருந்தாலும், இரண்டும் பகிர்ந்துகொள்ளும் ரேடியோ ஒன்றுதான். சும்மா இருக்கும்போது இரண்டும் அழைப்புக்குக் காத்திருக்கும். ஒன்றில் பேசத் தொடங்கியதும் மற்றது தற்காலிகமாக அணைந்துவிடும். அந்த எண்ணுக்கு அழைப்பவருக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்கும். அதேபோல் இரண்டாவது சிம்மில் பேசும்போது முதல் சிம்மின் இன்டர்நெட் நிற்கும். பேசி முடித்ததும் தானாக வந்துவிடும். முக்கியமான அழைப்புகள் தவறக் கூடாது என்றால், ஒரு எண் கிடைக்காதபோது அழைப்பு மற்ற எண்ணுக்குப் போகும்படி கால் ஃபார்வர்டிங் அமைத்து, கால் வெயிட்டிங்கையும் ஆன் செய்யுங்கள். இதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, போனைக் கொடுக்கும்முன் நீங்களே செய்து தர வேண்டிய செட்டிங். செட்டிங்ஸ் சென்று நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் என்பதைத் தட்டுங்கள். அதில் மொபைல் நெட்வொர்க் அல்லது சிம் கார்டுகள் என்ற தலைப்பு இருக்கும். அங்கே ஒவ்வொரு சிம்முக்கும் 'வீடு', 'பேங்க்' என்பது போல் பெயர் வைக்கலாம். டேட்டாவுக்கு எந்த சிம், அழைப்புக்கு எந்த சிம், எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த சிம் என்று முடிவு செய்யலாம். இதைச் செய்யாவிட்டால், பேக் இல்லாத சிம்மிலிருந்து அழைப்பு போய், 'போன் வேலை செய்யவில்லை' என்று உங்களுக்குப் புகார் வரும்.

இரண்டாவது சிம்முக்கும் ரீசார்ஜ் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. காலம் முடிந்த சிம்மில் முதலில் வெளியே பேச முடியாது, பிறகு உள்ளே வருவதும் நின்றுவிடும். அதுவே வங்கியில் பதிந்த எண்ணாக இருந்தால் ஓடிபியும் வராது. 2024 டிசம்பரில் டிராய் அமைப்பு, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று மொபைல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இரண்டாவது சிம்முக்கு அப்படிப்பட்ட பேக்கைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எப்படி?

இந்த போனின் நல்ல அம்சம் இதுதான். போனை ஆன் செய்ததும் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மெனுக்கள் தமிழில் வந்துவிடும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் 'ரீட் அலவுட்', மொழிபெயர்த்துத் தரும் 'டிரான்ஸ்லேட் நவ்' ஆகிய இரண்டு வசதிகளையும் போனுக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கும், ஆங்கிலம் வராதவருக்கும் இவை கை கொடுக்கும்.

தட்டச்சு தெரியாதவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது கீபோர்டில் உள்ள மைக் பட்டன். ஜிபோர்டு கீபோர்டின் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்துவிட்டால், மைக்கைத் தொட்டுப் பேசுவதெல்லாம் தமிழ் எழுத்தாக விழும். 'பேத்தி எப்போ ஊருக்கு வர்றா?' என்று பேசினால் அது வாட்ஸ்அப்பில் செய்தியாகிவிடும். புதியவர்கள் இன்டர்நெட்டை நம்பத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

32 ஜிபி நிறையாமல் இருக்க

32 ஜிபியில் ஆபரேட்டிங் சிஸ்டமும் ஏற்கெனவே உள்ள அப்ளிகேஷன்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை நிரப்புவது தினமும் வரும் 'காலை வணக்கம்' படங்களும் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதிக்குச் சென்று, மீடியா ஆட்டோ டவுன்லோடின் கீழ் உள்ள எல்லா டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தைத் தொட்டால் மட்டும் இறங்கும். இடமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம். மெமரி கார்டு போட்டால், கேமரா படங்கள் கார்டில் சேரும்படி அமைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டருடன் கூட்டணி

கம்ப்யூட்டர் உள்ள வீட்டில் இந்த போனுக்குக் கூடுதல் பயன் இரண்டு. ஒன்று, பேக்கப். மைக்ரோ யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் நோட்டிஃபிகேஷனில் ஃபைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் போன் ஒரு டிரைவ் போலத் தெரியும். அதில் டிசிஐஎம் என்ற ஃபோல்டரைக் காப்பி செய்தால் படங்கள் பத்திரம். போன் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும்.

இன்னொன்று, இன்டர்நெட். பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பகுதியில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து கம்ப்யூட்டரை இணைக்கலாம். பாஸ்வேர்டு வைக்க மறக்க வேண்டாம். விண்டோஸ் அப்டேட் ஒரே இரவில் அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். அதனால் கம்ப்யூட்டரில் அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று மாற்றிவையுங்கள்.

பணம்: இங்கேதான் யோசிக்க வேண்டும்

போன் வாங்கிய ஒரே வாரத்தில், 'யுபிஐ போட்டுக் கொடு' என்று அப்பா கேட்பார். யுபிஐ பதிவு செய்யும்போது அப்ளிகேஷன் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். வங்கியில் பதிந்த எண் அந்த போனுக்குள் இருக்க வேண்டும், அதில் எஸ்எம்எஸ் அனுப்ப வசதியும் இருக்க வேண்டும். எந்த சிம் என்று கேட்கும்போது தவறான சிம்மைத் தொடுவதால்தான் பல வீடுகளில் பதிவு முடியாமல் நிற்கிறது. இது சுலபமாகத் தீரும் பிரச்னை.

தீராத பிரச்னை வேறு. ஆண்ட்ராய்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் கூகுள் அதை அடைக்கும் திருத்தங்களை வெளியிடும். ஆண்ட்ராய்டு 11-க்கு அப்படி வெளியிடுவதை 2024 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. செட்டிங்ஸில் அபவுட் போன், அதில் ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போனால், செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பார்க்கலாம். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் திறந்தே கிடக்கின்றன என்று அர்த்தம். கதவு நன்றாகத்தான் இருக்கிறது, பூட்டுதான் பழையது. அந்த வீட்டில் நகையை வைப்பீர்களா?

எனவே ஓய்வூதியமோ ஆயுள் சேமிப்போ உள்ள கணக்கை இந்த போனில் இணைக்க வேண்டாம். யுபிஐ வேண்டும் என்றால் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டுக் கொடுங்கள். அந்தக் கணக்கில் பதியும் எண்ணும் வேறாக இருக்கட்டும். பெரிய கணக்கின் ஓடிபி இந்த போனுக்கே வந்தால், பிரித்து வைத்ததில் பயனில்லை. இதோடு, போனைக் கொடுக்கும்போது இந்த நான்கையும் சொல்லிக் கொடுங்கள்:

1. பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் வெளியே போகிறது என்று பொருள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுக்கத்தான்.

2. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களைத் தொடக் கூடாது. அழைப்பிதழ் என்பது படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், அப்ளிகேஷனாக வராது. 'அன்னோன் ஆப்ஸ் இன்ஸ்டால்' அனுமதி எல்லாவற்றுக்கும் ஆஃப் ஆக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

3. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யார் சொன்னாலும் ஓடிபியைச் சொல்லவோ, திரையைப் பகிரும் அப்ளிகேஷனைப் போடவோ கூடாது.

4. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால், பணம் கை மாறும்முன் முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்ற பயத்தில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். 'எதுவானாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள்' என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பது எந்த ஆன்டி வைரஸையும் விடச் சிறந்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

*#06# என்று டயல் செய்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளைப் பெரிய எழுத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போனின் விவரம் வரும், திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். தவணையில் வாங்கிய போன் என்றால் தவணை முழுவதும் கட்டப்பட்டதற்கு ரசீது கேளுங்கள். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை உங்கள் முன்னாலேயே நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பின் மூடியைக் கழற்றிப் பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நிறைகள்: தமிழ் வசதி, வாசித்துக் காட்டும் வசதி, கழற்றக் கூடிய பேட்டரி, கைக்கு அடக்கமான அளவு.

குறைகள்: ஜியோ டேட்டா மட்டும், 2 ஜிபி ரேம், கைரேகை சென்சார் இல்லை, பழைய ஆண்ட்ராய்டு.

முடிவாக

வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தாராளமாக எடுத்துக் கொடுங்கள். வீடியோ காலில் பேரனைப் பார்க்க, பாட்டு கேட்க, மைக்கில் பேசி செய்தி அனுப்ப, பயம் தெளிய இது நல்ல பயிற்சி வண்டி. ஆனால் காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிய பட்ஜெட் போனைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஆண்ட்ராய்டு? செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் வரும்? இரண்டு சிம்மிலும் எந்த நிறுவனத்தின் டேட்டாவும் வேலை செய்யுமா? பதில் தெளிவாக வந்தால் அந்த போனை வாங்கலாம். அதற்குப் பிறகுதான் பேங்க் கணக்கு.