காதுக்குள் கேட்கும் சீழ்க்கை

தீபாவளியன்று பக்கத்தில் ஓர் அணுகுண்டு வெடி வெடித்ததும் உங்கள் காது அடைத்துப்போய், உள்ளே 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றவர்களுக்கும் அது பழக்கமானதே. வீட்டுக்கு வந்து படுத்தால் தெருவே அடங்கிய பிறகும் அது மட்டும் அடங்காது. காலையில் எழுந்தால் காணாமல் போயிருக்கும், நாமும் மறந்துவிடுவோம்.

வெளியே ஒலி எதுவும் இல்லாதபோது காதில் கேட்கும் இந்த ஒலிக்குக் காதிரைச்சல் என்று பெயர். இது நோயன்று, காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. 1953-ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, கேட்பதைக் கூறச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 பேர் வீதம் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகக் கூறினர்! ஆகவே மெல்லிய இரைச்சலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. போகாமல் தங்கிவிடும் இரைச்சல்தான் கவனிக்க வேண்டியது.

அது எப்படிப்பட்ட சத்தம் என்பதே முதல் துப்பு. நாடியில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இரைச்சல் நாடியோடு சேர்ந்து 'தொப், தொப்' என்று வந்தால், கேட்பது பெரும்பாலும் இரத்தம் ஓடும் ஒலி. காதை ஒட்டிப் பெரிய இரத்தக் குழாய்கள் செல்கின்றன. இரத்தசோகை, உயர்ந்த இரத்த அழுத்தம், குழாயில் குறுகல் ஆகியவற்றால் அந்த ஓட்டம் காதுக்கு எட்டிவிடும். நடுச்செவியின் சிறு தசைகள் துடித்தால் 'டிக், டிக்' என்று கேட்கும். இந்த இரு வகைகளிலும் சில சமயம் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பிலும் சத்தம் கேட்டுவிடும். ஆனால் இவை அரியவை.

மற்ற வகை, நோயாளிக்கு மட்டுமே கேட்பது. பெரும்பாலோர்க்கு வருவது இதுதான். குறும்பி அடைத்திருந்தாலும் வரலாம்; டாக்டர் அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. (ஊக்கும் தீக்குச்சியும் காதுக்கானவை அல்ல!) தலைசுற்றலும் காது மந்தமும் விட்டு விட்டு வந்து, கூடவே தாழ்ந்த குரலில் 'ஓ' என்று இரைந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். ஒரே காதில் மட்டும் நீடித்தால், செவி நரம்பையும் சோதித்துப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றிலும் மிகுதியானது உச்சக் குரலில் ஒலிக்கும் சீழ்க்கை. செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தானா 1874-இல் செவிடானார். 1876-இல் அவர் எழுதிய இசையின் இறுதிப் பகுதியில் வயலின் திடீரென ஓர் உச்ச சுரத்தைப் பிடித்து நீட்டும். அவர் காதில் ஒலித்த சீழ்க்கைதான் அது.

சீழ்க்கை எங்கிருந்து வருகிறது? உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஒரு சுருள் குழாய் உண்டு. ஒவ்வொரு காதிலும் அதனுள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் ஒலி அலைகளை நரம்புச் செய்திகளாக மாற்றுகின்றன. பேரொலி இவற்றை முறித்துவிடும்; முதலில் அடிபடுபவை உச்சக் குரல் ஒலிகளைக் கேட்பவை. அங்கிருந்து செய்தி வராதபோது மூளை என்ன செய்கிறது? நிலையம் சரியாக எடுக்காத ரேடியோவில் நாம் ஒலியைக் கூட்டினால் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடும் அல்லவா? மூளையும் அப்படித்தான் தன் உணர்திறனைக் கூட்டிவிடுகிறது என்று கருதுகிறார்கள். செவி நரம்பையே வெட்டிய பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்காதது இதற்கு நல்ல சான்று.

இனி, யாருக்கு ஆபத்து? முதுமை ஒரு காரணம். மிகுதியாகச் சாப்பிட்ட ஆஸ்பிரினும் குயினைனும் இரைச்சல் தரும். நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஜென்டமைசின், அமிக்காசின் போன்ற ஊசி மருந்துகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் நிலையான கேடு செய்யலாம். அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் வயதில் முதல் எதிரி பேரொலிதான். 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. 3 டெசிபெல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடமே மிஞ்சுகிறது! கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். விசைத்தறிக் கூடத்தில் பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இயர்போனை முழு ஒலியில் வைப்பவர்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள்.

காலையில் காணாமல் போன அந்தக் 'கொய்ங்'குக்கு வருவோம். 2009-இல் பாஸ்டன் நகரில் குஜாவா, லீபர்மன் ஆகியோர் எலிகளுக்கு 100 டெசிபெல் ஒலியை 2 மணி நேரம் கேட்கச் செய்தார்கள். சில நாட்களில் கேட்கும் திறன் பழையபடி திரும்பியது. மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் செல்லையும் நரம்பையும் சேர்க்கும் இணைப்புகள், தாக்குண்ட பகுதியில் ஏறக்குறையப் பாதி போய்விட்டிருந்தன. அவை திரும்ப வளரவில்லை. மனிதக் காதிலும் இப்படி எவ்வளவு நடக்கிறது என்று இப்போது ஆராய்கிறார்கள்.

இறந்த மயிர்ச்செல் நமக்கு மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது! பேரொலியால் கெட்ட கோழிக்குஞ்சின் காதில் புதிய மயிர்ச்செல்கள் தோன்றுவதை 1980-களில் கண்டுபிடித்தார்கள். கோழியால் முடிவது நம்மால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடு பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் வேலை நடக்கிறது.