ஹைட்ரோபோனிக் தீவன அடுக்கு

ஹைட்ரோபோனிக் தீவன அடுக்கு என்பது மண் இல்லாமல், தண்ணீர் மட்டும் தெளித்து மக்காச்சோள முளைப்பயிரைக் கால்நடைத் தீவனமாக வளர்க்கும் எளிய அமைப்பு ஆகும். மக்காச்சோளம் பரவலாக விளையும் சேலம், நாமக்கல் மாவட்டங்களில், கோடையில் பசுந்தீவனம் குறையும்போது இது கைகொடுக்கக்கூடியது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் தீவன வளர்ப்புப் பயிற்சிகளை நடத்துகிறது.

அமைப்பு

நிழல்வலைக்குள் மூங்கில் அல்லது பிவிசி குழாயால் நான்கைந்து அடுக்குகள் கட்டப்படுகின்றன. அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டுகள், நீர் தேங்காதபடி சற்றுச் சாய்வாக வைக்கப்படுகின்றன.

வளர்ப்பு முறை

மருந்து கலக்காத விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் மேலும் ஒரு நாள் முளைகட்டி, தட்டில் பரப்ப வேண்டும். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் தெளித்துவந்தால், 7 முதல் 8 நாட்களில் வேர்கள் பாய்போலப் பின்னி, தீவனம் அறுவடைக்கு வரும். வேரோடு அப்படியே கொடுக்கலாம். 1 கிலோ விதையிலிருந்து ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ தீவனம் கிடைக்கும்.

வரம்புகள்

கூடும் எடை பெரும்பாலும் நீரே. முளைக்கும்போது விதை தன் மாவுச்சத்தைச் செலவிடுவதால், மொத்த உலர்பொருள் விதையில் இருந்ததைவிடச் சற்றுக் குறைகிறது. எனவே வைக்கோல் போன்ற உலர்தீவனத்துடன் சேர்த்தே இதைக் கொடுக்க வேண்டும். அதற்கு மாற்றாகக் கொடுத்தால் மாட்டுக்குப் போதாது. பூஞ்சை படிந்த தீவனத்தைக் கொடுக்கக் கூடாது. ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைப்பது பூஞ்சையைக் கட்டுப்படுத்த உதவும்.