ஓநாய் வம்சத்து நாய்க்குச் சோறு எப்படிச் செரிக்கிறது?

வைத்த சோற்றை உங்கள் நாய் மெல்லாமலே விழுங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் மெல்லும்போதே நம் உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடும். நாயின் உமிழ்நீருக்கு அந்த வேலை தெரியாது. பிறகு யார் செய்வது?

கணையம்தான். அது சுரக்கும் அமிலேஸ் என்ற நொதி, சிறுகுடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது.

கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பக்குவம் ஒன்றுதான். ஆனால் சமைக்க இரண்டே பேர் என்றால் பந்தி தாமதமாகும். இருபது பேர் என்றால்? மரபணுப் பிரதிகளும் அந்தச் சமையல்காரர்களைப் போலத்தான்; கூடினால் நொதியும் கூடும். அமிலேஸுக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள். நாய்களிடம் 4 முதல் 30 வரை. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கணக்கு இது. உழவர்களையும் அவர்களின் தானியத்தையும் அண்டி வாழாத ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவிடம் இன்றும் 2-தான்!

அதற்காக வெறும் தயிர்சாதம் போதுமா? போதாது. புரதம் குறையும். அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, பூசணி, கேரட் சேருங்கள். தினமும் வீட்டுச் சாப்பாடுதான் என்றால், சுண்ணாம்புச்சத்துக்கு என்ன வழி என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய குழம்பை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.