கண்ணாடிக்குள் ஒரு குளம்

நுழையும்முன்

வீட்டில் மீன் வளர்க்க விரும்பாத சிறுவர் அரிது. தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கிவிடுவது பலரது வழக்கம். ஒரு வாரம் கடப்பதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாய் இறந்து மிதக்கின்றன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. தெளிந்த நீரில் மீன் ஏன் இறக்கிறது? இவ்வினாவிற்கு விடை காண்பதோடு, ஒரு சிறு நீர்த்தாவரத் தொட்டியை அமைத்துப் பேணும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு

மீன் உண்ட உணவின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாக அதன் செவுள்களின் வழியே வெளியேறுகிறது. உண்ணாமல் எஞ்சிய உணவும் உதிர்ந்த இலைகளும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஏரியிலும் ஆற்றிலும் இது பெருநீரில் கரைந்து சிதறிவிடும். சில குடம் நீர் மட்டுமே கொண்ட தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நிறமற்ற அந்நஞ்சு நாள்தோறும் சேர்ந்து மீனின் செவுள்களை அரிக்கிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்தால் அதன் கொடுமையும் மிகுகிறது. மீன் நீர்ப்பரப்பிற்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. நீரின் தெளிவு கண்ணுக்கு அழகு. அது தூய்மைக்குச் சான்றாகாது.

தந்தையும் மகனும்

இங்கிலாந்து நாட்டு வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், 1850-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ 12 காலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலனில் மணலும் சேறும் இட்டு, ஊற்றுநீர் நிரப்பி, வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். மீன் வெளியிடும் கார்பன் டைஆக்சைடைத் தாவரம் ஏற்கும். தாவரம் தரும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும் என்பது அவர் கருத்து. தொடக்கத்தில் கருத்துப்படியே யாவும் நடந்தன. ஆனால் முதிர்ந்த இலைகள் அழுகியதால் நீர் கலங்கியது. வாரிங்டன் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்று தீர்க்க, நீர் மீண்டும் தெளிந்தது.

எனினும் அக்கலனில் கண்ணுக்குத் தெரியாத மற்றோர் உயிரினமும் உழைத்துக்கொண்டிருந்தது. அதனை ஆராய்ந்தவர்களுள் அவருடைய மகனும் ஒருவர். தந்தையின் பெயரையே தாங்கிய அவர் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுகிறது என்பதையும், ஒவ்வொரு படியையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் நிகழ்த்துகின்றன என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. 1890-ஆம் ஆண்டளவில் இரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி அப்பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து இவ்வுண்மையை உறுதிசெய்தார்.

அம்மோனியாவைப் போலவே நைட்ரைட்டும் நஞ்சாகும். அது மீனின் குருதியில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. இறுதியில் உண்டாகும் நைட்ரேட்டு, சிறிதளவில் பெருந்தீங்கு செய்வதில்லை; தாவரங்களுக்கு அதுவே உரம். மீனின் கழிவு பாக்டீரியாவால் உருமாறித் தாவரத்திற்கு உணவாகும் இம்முறையே நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதி. புதிய தொட்டியில் மீனும் நீரும் உண்டு. போதிய அளவில் பாக்டீரியா இல்லை. அதனால்தான் புதிய தொட்டியில் மீன்கள் இறக்கின்றன.

தொட்டியும் இடமும்

தொட்டி சிறிதானால் பராமரிப்பு எளிது என்று கருதுவது பிழை. நீரின் அளவு குறையக் குறைய வெப்பமும் கழிவின் செறிவும் விரைவாக மாறும். ஆதலால் உருண்டைக் கண்ணாடிக் குடுவைகள் மீனுக்கு ஏற்றவை அல்ல. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடைய தொட்டி தொடக்கநிலையினர்க்குப் பொருந்தும். இதன் கொள்ளளவு 54 லிட்டர். வாரிங்டனின் கலனும் ஏறத்தாழ இவ்வளவே கொள்ளும். நீரின் எடை மட்டுமே 54 கிலோகிராம் ஆதலின், அசையாத, சமதளமான தாங்கியின் மீது இதனை வைத்தல் வேண்டும். நேரடி வெயில் படும் சன்னலோரத்தைத் தவிர்க்க வேண்டும். வெயில் நீரைச் சூடாக்குவதோடு பாசியையும் பெருக்கும்.

அடித்தளமும் தாவரங்களும்

நன்கு கழுவிய சிறு கூழாங்கற்களையோ பருமணலையோ ஐந்து செ.மீ. உயரத்திற்குப் பரப்பலாம். பின்புறம் உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருப்பின் தொட்டி ஆழமுடையதாகத் தோன்றும். சுண்ணாம்புக்கல் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். ஐயமுள்ள கல்லின் மீது எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அது சுண்ணாம்பு கலந்த கல்லாகும், அதனை விலக்கிவிடலாம்.

ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா ஆகியவை விரைந்து வளர்ந்து அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சுபவை. இவற்றைத் தொட்டியின் பின்புறத்தில் நடலாம். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலும் இலங்கையிலும் நீரோடைகளில் இயற்கையாக வளரும் கிரிப்டோகோரைன் இனத் தாவரங்கள் நடுப்பகுதிக்கு ஏற்றவை. இவற்றை நட்டவுடன் பழைய இலைகள் கரைந்து உதிர்வதுண்டு. வேர் உயிரோடிருந்தால் புதிய இலைகள் துளிர்க்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடக் கூடாது. ஜாவா பெரணியையும் அனுபியாஸையும் மணலில் புதைத்தால் அவற்றின் தண்டு அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் அவை தாமே பற்றிக்கொள்ளும்.

ஒளியும் காற்றும்

தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்ய, தொட்டியின் மேல் எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்தி நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிட வேண்டும். நேரம் மிகுந்தால் தாவரத்தை முந்திக்கொண்டு பாசி வளரும். இருளில் தாவரங்களும் ஆக்சிஜனையே சுவாசிக்கின்றன. மேலும், நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆகிவிடும். எனவே தமிழகத்தின் கோடைக்கால இரவுகளில் காற்றுக்குமிழ்க் கருவியோ நீரைச் சுழற்றும் வடிகட்டியோ இடைவிடாது இயங்குதல் இன்றியமையாதது.

காத்திருக்கும் காலம்

குடிநீர்க் குழாயில் வரும் குளோரின் பாக்டீரியாவையும் மீனையும் அழிக்கும். குழாய்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும்; சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலைக் கொண்டும் நீக்கலாம். நீர் நிரப்பித் தாவரங்களை நட்டபின் தொட்டியில் மீன் விடாமல் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டுவந்தால், அது அழுகி அம்மோனியாவாகிப் பாக்டீரியாவுக்கு இரையாகும். வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களின் மேற்பரப்பிலும் பாக்டீரியாக்கள் குடியேறும். ஏற்கெனவே நன்கு இயங்கிவரும் தொட்டியிலிருந்து சிறிது பஞ்சோ கற்களோ கிடைத்தால் காலம் குறையும்.

வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகளைக் கொண்டு நீரை அளந்து பார்க்கலாம். முதலில் அம்மோனியா உயர்ந்து இறங்கும். அடுத்து நைட்ரைட்டு உயர்ந்து இறங்கும். இரண்டும் சுழியத்தில் நிலைபெற்ற பின்னரே தொட்டி மீனை வரவேற்க ஆயத்தமாகிறது. அப்போதும் மூன்று அல்லது நான்கு சிறு மீன்களையே முதலில் விட வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா டானியோ இதற்கு ஏற்றது. வாங்கிவந்த பையைத் திறவாமல் கால்மணி நேரம் தொட்டிநீரில் மிதக்கவிட்டு, வெப்பநிலை ஒத்தபின், தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுதல் நன்று.

வாரப் பணிகள்

வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை வெளியேற்றிக் குளோரின் நீக்கிய நீரை நிரப்ப வேண்டும். நீர் முழுவதையும் கொட்டி, கற்களைத் தேய்த்துக் கழுவுவது தூய்மை போலத் தோன்றினும், மாதக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாக் குடியிருப்பை ஒரே நாளில் அழிப்பதாகும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து வெளியேற்றிய நீரிலேயே மெல்லப் பிழிந்து மீண்டும் பொருத்துதல் வேண்டும். இரண்டு நிமிடங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே உணவிட வேண்டும். பசியால் இறக்கும் மீன்களைவிட, அன்பின் மிகுதியால் இட்ட உணவு அழுகி இறக்கும் மீன்களே பல. பழுத்த இலைகளைக் கிள்ளி நீக்குதலும் இப்பணியில் அடங்கும்.

தொட்டிக்கு வெளியே

சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்பிற்கும் வணிகத்திற்கும் பெயர்பெற்றது. அங்கு விற்பனையாகும் மீன்களுள் பல, அயல்நாட்டு நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்டவை. பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ என்னும் பெயரில் விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி தென்னமெரிக்காவைச் சார்ந்தது. விரலளவில் வாங்கப்படும் அது ஓரடிக்கு மேலும் வளரும். தொட்டி கொள்ளாதபோது, கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவோர் உண்டு. இரக்கத்தால் செய்யும் அச்செயல் பெருந்தீங்காக முடிகிறது. முள் போன்ற கடினத் தோலுடைய அம்மீனை இரையாக்கும் உயிர்கள் இங்குக் குறைவு. அது கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகிறது. நாட்டுமீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. மீனவர்தம் வலைகளைக் கிழிக்கிறது. அழகுச் செடியாய் இந்நாட்டிற்கு வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக்கிடப்பதும் இதனை ஒத்ததே.

எனவே வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கும் பிறரிடமோ ஒப்படைக்க வேண்டும். கத்தரித்த தாவரத் துண்டுகளை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும். கால்வாயில் எறிதல் கூடாது. தொட்டி அமைப்பவர் அதில் வாழும் உயிர்களுக்குப் பொறுப்பேற்கிறார். ஊர் ஏரியில் வாழும் உயிர்களுக்கும் அப்பொறுப்பு நீள்கிறது.