வேலிக் கற்றாழையும் டெக்கீலாவின் தரமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியில், கரிசலும் செவலும் மாறி மாறி வருகின்ற அந்த மானாவாரிப் பிரதேசத்தில், தோட்டத்து வேலியாகவும் ரயில் பாதையின் காவலாகவும் நிற்கின்ற ஆனைக்கற்றாழையை நாம் ஒருநாளும் மதித்ததில்லை. ஆடு கடிக்காது, அடுப்பில் எரியாது, நார் உரித்துக் கயிறு திரிப்பவரைத் தவிர வேறெவருக்கும் அதனால் பிரயோஜனமில்லை என்பதே நம் அபிப்பிராயம். அதன் மடலில் சிறுவர்கள் முள்ளால் கீறிய பெயர், அவர்கள் வளர்ந்து பிழைப்புக்காக வெளியூர் போய்த் திரும்பும்போதும் தழும்பேறி அப்படியே நிற்கும். மெக்ஸிகோவைப் பூர்விகமாகக் கொண்ட இச் செடியின் நெருங்கிய உறவான நீல அகாவேயிலிருந்துதான், விமான நிலையக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கின்ற டெக்கீலா இறங்குகிறது. ஆகவே, துபாயிலிருந்து வரும் மச்சினன் தொலைபேசியில் “எதை வாங்கட்டும் மச்சான்?” என்று கேட்டால், புட்டியின் அலங்காரத்தை விட்டுச் செடியின் சுபாவத்தைக் கொண்டே பதில் சொல்லிவிடலாம்.

ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெறும் நம் சீமையில், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிட, சித்திரை வெயிலிலும் இக் கற்றாழை வாடாமல் நிற்பதற்குக் காரணம் அது சுவாசிக்கும் நேரமே ஆகும். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது நீரையும் இழக்கின்றன. கற்றாழையோ பகலெல்லாம் துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளுகிறது. இந்த ரகசியத்தின் நுனியை முதலில் பிடித்தவர்களில் ஒருவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர இயலாளராகத் தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ரணகள்ளி இலையை அவர் வாயிலிட்டுச் சுவைத்து, காலையில் புளிப்பதும் நண்பகலில் சப்பென்றாவதும் மாலையில் சற்றே கசப்பதும் கண்டு எழுதிய குறிப்பு, 1815ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. நாக்கை மட்டுமே கருவியாகக் கொண்டு செய்த ஆராய்ச்சி!

இரவில் சேர்ப்பது சிறுகச் சிறுகத்தானே சேரும்? நீல அகாவே முதிர்வதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வேண்டும். குலை தள்ளிய வாழையைப் போலவே இதுவும் ஒரே முறை பூத்து மடிவது. சேர்த்த சத்தனைத்தையும் அந்தப் பூங்கம்பத்திலேயே செலவழித்துவிடுவதால், கம்பம் தலைகாட்டியதும் உழவர் அதை வெட்டிவிடுகிறார்கள். பின்பு மடல்களைச் சீவியெடுத்தால் எஞ்சுவது பெரும்பாலும் 30 கிலோவுக்குக் குறையாத கிழங்கனைய நடுத்தண்டு. அதிலுள்ள சர்க்கரை, ஃப்ரக்டான் என்னும் நீண்ட சங்கிலியாகப் பிணைந்திருப்பதால் ஈஸ்ட் அதைத் தொடுவதில்லை. வேகவைத்தால்தான் சங்கிலி அறுந்து இனிப்பாகி நொதிக்கும். செங்கற் சூளையில் இரண்டொரு நாள் நிதானமாக வேகவைப்பவரும் உண்டு, நீராவிக் கொப்பரையில் ஒரே பகலில் முடிப்பவரும் உண்டு, தண்டை வேகவைக்காமலே வெந்நீர் பாய்ச்சி இயந்திரத்தால் சத்தைக் கழுவியெடுத்துச் சாற்றை மட்டும் பிறகு காய்ச்சுபவரும் உண்டு. கடைசி முறையில் மகசூல் அதிகம், மணம் குறைவு.

ஒரு லிட்டர் அசல் டெக்கீலாவுக்கு ஏறத்தாழ 7 கிலோ தண்டு தேவைப்படுவதால், அவசரக்காரர்கள் கரும்புச் சர்க்கரையைக் கலக்கிறார்கள். மெக்ஸிகோவின் சட்டம் அதற்கும் இடங்கொடுக்கிறது: 51 சதவீதச் சர்க்கரை அகாவேயிலிருந்து வந்தால் போதும். ஆதலால் சீட்டில் ‘100 சதவீதம் அகாவே’ என்ற வாசகம் இல்லாத புட்டியை, அதன் கண்ணாடி எத்தனை கனமாயிருப்பினும், வைத்துவிட்டு வந்துவிடலாம். சீட்டில் நோம் (NOM) என்ற எழுத்துக்களோடு நான்கிலக்க எண் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கும். அது வடிசாலையின் அடையாளம். ஒரே எண் பல பெயர்களில் பல விலைகளில் காணப்படுவதைக் கவனித்தால் வியாபாரத்தின் சூட்சுமம் விளங்கும்.

பிளாங்கோ என்பது வடித்தவுடனோ இரண்டு மாதத்துக்குள்ளோ அடைக்கப்பட்டது; ரெபொசாடோ இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள்ளும், அன்யேஹோ ஓராண்டுக்கு மேலும் ஓக் மரப் பீப்பாயில் பழகியவை. வயது ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் செடியின் மணம் மறைந்து மரத்தின் மணம் மேலோங்கும். போதாக்குறைக்கு, கருக்கிய சர்க்கரை, மரச்சாறு, கிளிசரின் முதலியவற்றை மொத்த எடையில் 1 சதவீதம் வரை, சீட்டில் சொல்லாமலே சேர்க்க விதி அனுமதிக்கிறது. வெனிலா மணம் தூக்கலாக வீசுவதை உயர்வின் லட்சணமென்று நம்புவோர் இதை நினைவிற்கொள்க. எலுமிச்சையோடு கலக்க நடுத்தர விலையுள்ள பிளாங்கோவே சிரேஷ்டம். சிறுகச் சிறுகச் சுவைக்க நல்ல பிளாங்கோவோ ரெபொசாடோவோ போதும். உப்பும் எலுமிச்சையும் நக்கி ஒரே மடக்கில் விழுங்குவது, மட்டமான சரக்கின் குணத்தை மறைப்பதற்கே உதவும் என்பது என் கருத்து.

நம் ஆனைக்கற்றாழையிலும் இப்படி மது வடிக்க ஆகுமா என்றால், ஆகும். தக்காணத்தில் தானே வளரும் அதே இனத்தைக் கொண்டு டெஸ்மண்ட் நசரேத் என்பவர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வடிசாலை அமைத்து, 2011ல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எனினும் டெக்கீலா என்ற பெயர், ஹாலிஸ்கோ மாநிலத்துக்கும் வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளுக்கும் 1970களிலிருந்து உரிமையாக இருப்பதால், அவருடையது அகாவே மது என்றே விற்கிறது. இதைப் படித்துவிட்டு வேலியை வெட்டி வீட்டில் காய்ச்ச எவரும் முனைய வேண்டாம். பச்சைச் சாறு பட்ட இடமெல்லாம் ஆக்ஸலேட் ஊசிகளால் அரிப்பெடுக்கும், சட்டமும் சும்மா விடாது.

பரிசளிப்போருக்கு ஒரு வார்த்தை. பழக்கமுள்ள நண்பருக்கானால் ரெபொசாடோ ஒன்று போதும். சுங்கவரி இல்லாமல் ஒரு பிரயாணி கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் மது. பழக்கமில்லாதவர் கையில் மரியாதை என்ற பெயரில் இதைத் திணிக்க வேண்டாம். மதுவில் தீங்கற்ற அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ல் அறிவித்திருக்கிறது.