எல்.டி.ஏ. கிளெய்ம்: சுத்திப் போன தூரமா, நேர் தூரமா?

டெல்லி ஏர்போர்ட்டில் இருந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு நேர்கோட்டில் சுமார் 2,080 கிலோமீட்டர். நான்-ஸ்டாப் ஃப்ளைட்னா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஆனா ஒரு எஸ்.பி.ஐ. ஊழியர் போன ரூட்டைப் பாருங்க: டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், திரும்பவும் கொழும்பு, கடைசியா டெல்லி. மொத்தம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும்!

இப்படிப் போனவங்களுக்கு பேங்க் எல்.டி.சி. பணம் கொடுத்தது, வரி பிடிக்கலை. "கிளம்பின இடமும் சேருற இடமும் இந்தியாவில்தானே, இந்தியாவுக்குள்ள போன குறைந்த தூரத்துக்குத்தானே கொடுத்தோம்" என்பது அவங்க வாதம். சுப்ரீம் கோர்ட் 2022 நவம்பரில் அதை ஏத்துக்கலை. இந்த விலக்கு இந்தியாவுக்குள் பயணம் போக மட்டும்தான். நடுவில் வெளிநாடு வந்தா அது குறைந்த தூர வழியும் இல்லைன்னு சொல்லிடுச்சு. டி.டி.எஸ். பிடிக்காத தவறு பேங்க் தலையில் விழுந்தது.

"நான் சிங்கப்பூர் எல்லாம் போகலையே"ன்னு நினைக்கிறீங்களா? இந்த விதி உள்நாட்டு டூரிலும் உங்களைப் பிடிக்கும்.

சென்னையில் இருந்து ஸ்ரீநகர் சுமார் 2,400 கிலோமீட்டர். டெல்லி கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருக்கு, அதனால் அங்கே மாறிப் போனாலும் தூரம் பெருசா கூடாது. நீங்க சென்னை, கோவா, டெல்லி, ஸ்ரீநகர்னு போனா கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர் ஆயிடும். சட்டம் கோவாவைக் கணக்கில் எடுக்காது. கிளம்பின ஊரில் இருந்து நீங்க தொட்ட கடைசித் தொலைவான ஊர் வரை, குறைந்த தூர வழியில், எகானமி கட்டணம். போக, வர அவ்வளவுதான் உச்சவரம்பு. பிசினஸ் கிளாஸ்ல போனது உங்க சந்தோஷம்.

ஒரு உதாரணக் கணக்கு. கம்பெனி கொடுத்த எல்.டி.ஏ. 40,000 ரூபாய். கோவா வழியா உங்க டிக்கெட் செலவு 34,000. நேர் வழியில் போய் வர 24,000 ஆகும்னு வைங்க. விலக்கு 24,000 மட்டும். மீதி 16,000 சம்பளத்தோட சேரும். 20% ஸ்லாபில் இருந்தா செஸ் சேர்த்து 3,328 ரூபாய் வரி. ஹோட்டல், சாப்பாடு, ஷிகாரா சவாரி பில்லை எல்லாம் ஹெச்.ஆருக்கு அனுப்பாதீங்க, ஒண்ணும் கிடைக்காது.

இதெல்லாம் பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு. புதிய முறையில் எல்.டி.ஏ. விலக்கே கிடையாது, முழுசும் வரிக்குரியது. பழைய முறையிலும் நாலு காலண்டர் வருஷ பிளாக்குக்கு ரெண்டு பயணம்தான். அதுல ஒண்ணை கோவாவுக்கு மட்டும் தனியா போனா, அந்த டிக்கெட்டும் கிளெய்முக்குள் வந்துடும். லீவ் எடுத்த தேதியும் போர்டிங் பாஸ் தேதியும் பொருந்துதான்னு பார்த்துட்டு சப்மிட் பண்ணுங்க.